குழி திறப்பு விழா

போன வெள்ளிக்கிழமை ஒரு திறப்பு விழாவுக்குச் சிறப்பு விருந்தினராகப் போயிருந்தேன். கடை திறந்து வைத்திருக்கிறேன். ஒரு முறை ஜவுளிக்கடை லிஃப்டைக்கூடத் திறந்து வைத்திருக்கிறேன் — முதல் ரவுண்டிலேயே அது பாதியில் நின்றது தனிக்கதை. ஆனால் குழியைத் திறந்து வைக்க இதுவரை யாரும் என்னைக் கூப்பிட்டதில்லை.

ஆமாம், குழிதான். உரக்குழி.

கூப்பிட்டவள் ஜெயசீலி. கல்லூரியில் எனக்குப் பக்கத்து பெஞ்ச். இப்போது ஆம்பூர் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சர். பள்ளியின் பெயர் வேண்டாம். ஏன் என்று படித்து முடிக்கும்போது உங்களுக்கே தெரியும்.

"உரத்தைப் பத்தி எனக்கு இன்னாடி தெரியும்?" என்று கேட்டேன். என் மொட்டைமாடிப் பானையின் வரலாறு உங்களுக்கெல்லாம் அத்துப்படி. காய்கறிக் கழிவில் உரம் செய்கிறேன் பேர்வழி என்று ஆரம்பித்து, புழு வைத்து, நாறி, கீழ்வீட்டுக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு படியேறி வந்து... அதை இந்தப் பத்தியில் எழுதியபோது ஆளுக்கொரு யோசனை அனுப்பினீர்கள். புளித்த மோர் ஊற்றுங்கள், வேப்பிலை போடுங்கள், தேங்காய் நார் போடுங்கள். எல்லாம் போட்டேன். பானை இப்போது கவிழ்ந்து கிடக்கிறது. அதன் மேல் பூனை உட்காருகிறது.

"அதுக்குத்தான்டி உன்னையக் கூப்புடறேன். பெரியவங்களால முடியாததைப் பசங்க செஞ்சு காட்டியிருக்குதுங்க. வந்து பாரு" என்றாள் ஜெயசீலி. இதற்கு மேல் என்ன பிகு பண்ண முடியும்? கிளம்பிவிட்டேன்.

அவள் எதையும் அரைகுறையாகச் செய்கிறவள் இல்லை. பள்ளிக்கூடம் திறந்த ஜூன் மாதமே பின்பக்கச் சுவரோரம் இடுப்பளவு ஆழத்துக்குக் குழி வெட்ட வைத்திருக்கிறாள். பிள்ளைகள் வீட்டிலிருந்து மக்கும் குப்பையைப் பழைய பேப்பரில் சுற்றிக் கொண்டுவர வேண்டும். பிரேயர் மணிக்கு முன்னால் குழியில் போட வேண்டும். ஈ மொய்க்காமல் மேலே ஒரு கை மண்ணை அள்ளித் தூவிவிட்டு வகுப்புக்குப் போக வேண்டும். தீபாவளிக்குள் குழி நிறைந்துவிட்டது. அதை மூடி மக்க விட்டு, பக்கத்திலேயே இன்னொன்று வெட்டினார்கள். இப்போது பொங்கல் கழித்து முதல் குழியைத் திறக்கிறார்கள். வரும் உரம், பள்ளித் தோட்டத்துக் கீரைப் பாத்திக்கு. அந்தக் கீரை, சத்துணவுக்கு. எத்தனை அழகான ஏற்பாடு!

குழிக்கு மேலே சுவரில் பச்சைப் பெயின்ட்டில் அவளே எழுதியிருந்தாள் — 'உயிரோடு இருந்ததெல்லாம் மக்கும். மண்ணுக்கே திரும்பும்.'

"நல்ல வாசகம். சுடுகாட்டு வாசல்லயும் எழுதலாம்" என்றேன். முறைத்தாள்.

ஆனால் அவளுக்கு அன்றைக்கு அப்படி ஒரு சந்தோஷம். நின்ற இடத்தில் நிற்கவில்லை. திங்கட்கிழமைகளில் குழி முழுக்கக் கத்தரிக்காய்க் காம்பாக இருக்குமாம். ஞாயிற்றுக்கிழமை ஊரே பிரியாணி சாப்பிட்டால், தொட்டுக்கொள்ளும் கத்தரிக்காய்க்குக் காம்பு எங்கே போகும்? மற்ற நாளில் கீரைத்தண்டு, டீத்தூள், வெங்காயச் சருகு, முட்டை ஓடு. அதிகமாகக் கொண்டுவந்த பிள்ளைக்கு இன்று பரிசு. என் கையால். கலர் பேப்பர் சுற்றிய டிபன் பாக்ஸ் ஒன்றை முன்னாடியே என்னிடம் கொடுத்து வைத்துவிட்டாள்.

"யாருக்கு இது?"

"நஸ்ரின்னு ஒரு பொண்ணு. எட்டாவது. தினம் ரெண்டு பை எடுத்துக்கினு வரும். ஒண்ணுல புக்ஸ், ஒண்ணுல குப்பை. அவளப் பாத்து அவ தெருப் பசங்க எல்லாமே கொண்டாற ஆரம்பிச்சுடுச்சுங்க. அந்த ஒரு தெருவாலதான்டி எனக்கு இந்தக் குழியே நெறஞ்சுது."

முன்வரிசையில் நின்றிருந்த ஒல்லியான பெண்ணைக் காட்டினாள். இரட்டைப் பின்னல், இஸ்திரி போட்ட யூனிஃபார்ம், பெயர் கூப்பிடுவதற்கு முன்பே கிளம்பத் தயாரான கால்கள்.

ஹெச்.எம். வந்தார். பெற்றோர் சங்கத்தலைவர் வந்தார். சத்துணவு அம்மா கரண்டியோடு வந்து ஓரமாக நின்றார். நான் சால்வையோடு மண்வெட்டியைப் பிடித்து ஒரு போஸ் கொடுத்தேன். வாட்ச்மேன் மேல்மண்ணைத் தள்ளிவிட்டு முதல் வெட்டு வெட்டினார்.

கறுப்பு மண்! புட்டு மாதிரி உதிர்ந்தது. மழை பெய்த வாசனை. பிள்ளைகள் கைதட்டிய சத்தத்தில் காக்கைகள் பறந்தன. ஜெயசீலிக்குக் கண் கலங்கிவிட்டது. நிஜமாகவே எனக்குப் பொறாமையாக இருந்தது.

இரண்டாவது வெட்டில் ஒரு சிவப்பு நாடா வந்தது. அடுத்து ஒரு கறுப்பு நாடா. அப்புறம் கொத்தாக — காபிக் கலர், சாம்பல், மறுபடி சிவப்பு. விரல் நீளத்திலும் உள்ளங்கை அகலத்திலும் தோல் துண்டுகள். ஷூ தோல், பர்ஸ் தோல். வாட்ச்மேன் ஒன்றை எடுத்து வேட்டியில் துடைத்தார். பளபளவென்றிருந்தது. கத்தரிக்காய்க் காம்பெல்லாம் இருந்த இடம் தெரியாமல் மண்ணாகிவிட்டது. இது மட்டும் போட்ட அன்றைக்கு எப்படி இருந்ததோ அப்படியே.

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதை கேட்டிருப்பீர்கள். நான் நேரிலேயே பார்த்தேன்.

"யாரு போட்டது இதை?" ஹெச்.எம். குரல் உயர்ந்தது.

தயங்காமல் ஒரு கை எழுந்தது. நஸ்ரின். அந்தப் பெண் முகத்தில் பயமே இல்லை. பரிசுக்குத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துவிட்டாளோ என்னவோ!

"நான்தான் சார். எங்க தெருவுல எல்லார் வீட்லயும் வாங்கிக்கினு வந்து போட்டேன்."

"ஏம்மா, தோலைப் போய்..." என்றாள் ஜெயசீலி.

"நீங்கதான மிஸ் சொன்னீங்க? உயிரோட இருந்ததெல்லாம் மக்கும்னு. இது ஆடு, மாடுதான மிஸ்?" சுவரைக் காட்டினாள். பிறகு குழியை எட்டிப் பார்த்தாள். "இன்னும் கொஞ்ச நாள் விட்டா மக்கிடும்ல மிஸ்?"

யாரும் சிரிக்கவில்லை. அதையாவது எழுதிவைக்கிறேன்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அங்கே நின்ற ஒருவருக்கும் இது தெரியாத விஷயமில்லை. ஜெயசீலியின் அப்பாவே டேனரி தொழிலாளிதான். தோலைப் பதனிடுவதே அது அழுகக் கூடாது, மக்கக் கூடாது என்பதற்காகத்தானே? மக்குகிற ஷூவை யார் வாங்குவார்கள்? கெமிக்கல் ஏற்றி, டிரம்மில் உருட்டி, காயவைத்து — அதை மண்ணிடமிருந்து காப்பாற்றி அனுப்புவதுதான் இந்த ஊரின் பிழைப்பு. அந்த ஊரில் நின்றுகொண்டு, 'உயிரோடு இருந்ததெல்லாம் மக்கும்' என்று சுவரில் எழுதும்போது ஒருவருக்கும் உறைக்கவில்லை. வெளியூர்ப் பள்ளியாக இருந்தால் அந்த வாசகத்தால் ஒரு தொந்தரவும் வந்திருக்காது.

ஹெச்.எம். கெட்டவர் இல்லை. பயந்தவர். "இந்த மண்ணைக் கீரைக்குப் போட்டு, நாளைக்கு ஒண்ணுகெடக்க ஒண்ணு ஆச்சுன்னா யார் பதில் சொல்றது?" என்றார். நியாயம்தானே? இரண்டாவது குழியையும் கிளறச் சொன்னார். அதிலும் தோல். "எல்லாத்தையும் பொறுக்கி எடுங்க. இது ஸ்கூல் காம்பவுண்டுக்குள்ள இருக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு, என்னிடம் திரும்பி, "மேடம், பரிசு மட்டும் இப்ப வேணாம்" என்று காதோடு சொன்னார். டிபன் பாக்ஸ் என் கையிலேயே இருந்தது.

விழா முடிந்தது. லட்டுகூடக் கொடுத்தார்கள். பிள்ளைகள் சாப்பிட்டார்கள்.

அப்புறம்தான் லேப்பில் உட்கார வைத்து அந்தப் பெண்ணிடம் மெதுவாகக் கேட்டோம். அவள் தெருவில் பாதி வீட்டில் ஜாப் ஒர்க்; அவள் அம்மாவுக்கும் அதுதான். கம்பெனிகளில் மிச்சமாகும் தோலை ஏஜென்ட் வாங்கிவந்து வீட்டுக்கு வீடு கொடுத்துவிட்டுப் போவார். அதை வெட்டி, பர்ஸும் சாவிப்பையும் தைத்துக் கொடுக்க வேண்டும். மறுசுழற்சி என்று நாம் நோட்டுப்புத்தகத்தில் அம்புக்குறி போட்டு வரையச் சொல்கிறோமே, அதை அந்தத் தெரு ஏற்கெனவே செய்துகொண்டுதான் இருக்கிறது. வெட்டியது போக விழும் துண்டுக்குத்தான் வழியில்லை. சாயங்காலமானால் தெருமுனையில் குவித்துக் கொளுத்துவார்கள்.

தோல் எரிந்து பார்த்திருக்கிறீர்களா? முடி பொசுங்குகிற நாற்றம். புகை மேலே போகாது. தெருவிலேயே படுத்துக்கொள்ளும்.

"எங்க வீட்ல முன்னின்னு என் தங்கச்சி இருக்கு மேடம். அஞ்சு வயசு. அதுக்கு வீசிங். புகை வந்தா நைட்டெல்லாம் ஒக்காந்துக்கினே இருக்கும். படுத்தா மூச்சு வராது" என்றாள் நஸ்ரின். "மிஸ் குழி வெட்டுனதுலருந்து நாங்க எரிக்கல. எல்லார் வீட்லயும் சொல்லி, நானே வாங்கிக்கினேன். முன்னி நல்லா தூங்குச்சு. நெபுலைசர்கூட மேல எடுத்து வெச்சுட்டோம்."

ஜெயசீலி எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள்.

நல்லது. இப்போது லேப் வாசலில் மூட்டை மூட்டையாகத் தோல். அதை எங்கே போடுவது? நாங்கள் இரண்டு பட்டதாரிகள். கையில் போன் இருக்கிறது. ஒரு வழி கிடைக்காதா என்ன?

முதலில் குப்பை வண்டி. வண்டியோடு வந்த அக்கா மூட்டையைப் பிரித்துப் பார்த்துவிட்டுக் கையை உதறினார். "தோலா? இது வேணாம் டீச்சர். இதை எடுத்துக்கினு போனா குப்பைக் கெடங்குல எங்கள வண்டியோட திருப்பி அனுப்புறாங்க. கம்பெனிக் குப்பையைக் கம்பெனிதான் பாக்கணும்."

சரி, கம்பெனி. எந்தக் கம்பெனி? ஏழு கை மாறி வந்த மிச்சத்தில் பெயரா எழுதியிருக்கிறது? நஸ்ரினிடம் நம்பர் வாங்கி ஏஜென்ட்டைக் கூப்பிட்டாள் ஜெயசீலி. ஸ்பீக்கரில் போட்டாள்.

"தோலு குடுக்கிறது நானு, கூலி குடுக்கிறது நானு. துண்டையும் நானே வந்து வாரிக்கினு போவணுமா டீச்சர்?" என்றார் அவர். கோபமாகக்கூட இல்லை. "ரொம்ப பேஜார் பண்ணாதீங்க. அந்தத் தெருவுல சரிப்படலன்னா சொல்லுங்க. அடுத்த வாரத்துலருந்து வேற தெருவுல குடுத்துக்கிறேன்."

நஸ்ரின் முகம் அப்போதுதான் மாறியது. அதுவரை குழியை நினைத்துக்கொண்டிருந்த பெண், முதல் முறையாக அம்மாவை நினைத்தாள். "வேணாம் மிஸ், கட் பண்ணிடுங்க மிஸ்" என்று ஜெயசீலியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அரை மணி நேரத்தில் அம்மாவே வந்துவிட்டார். ஃபரீதா. ஏஜென்ட் அவரைக் கூப்பிட்டுப் பேசிவிட்டார் போலிருக்கிறது. புர்கா முந்தியில் தையல் நூல் ஒட்டியிருந்தது. வந்த வேகத்தில் மகளைத் திட்டப் போகிறார் என்று நினைத்தேன். அவர் எங்களைத்தான் பார்த்தார்.

"எங்களுக்கு இன்னா மேடம், எரிக்கணும்னு வேண்டுதலா? கூட்டித் தள்ளுனா சாக்கடை அடைச்சுக்குது. வண்டியில எடுக்க மாட்டேங்கறாங்க. வீட்ல சேத்து வெச்சா எலி வருது. இருக்கிறதே ஒரு ரூமு. எரிச்சா எம் பொண்ணுக்கு மூச்சு நிக்குது. எரிக்காம வுட்டா வேலை நிக்குது. படிச்சவங்க ரெண்டு பேர் இருக்கீங்க. நீங்களே சொல்லுங்க, எங்க போட்றது?"



ஜெயசீலி அழுதேவிட்டாள். "தப்பு என்னோடதும்மா. உங்க பொண்ணு மேல ஒண்ணும் இல்ல" என்றாள். "அட, அழாதீங்க டீச்சர்... நீங்க நல்லதுக்குத்தான சொன்னீங்க" என்று அவளைத் தேற்றியதும் ஃபரீதாதான். பிறகு ஷேர் ஆட்டோ ஒன்றைப் பிடித்து, மூட்டைகளை ஏற்றி, மகளையும் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். சுத்திச் சுத்தி சுப்பன் கொல்லை. எந்தத் தெருவிலிருந்து வந்ததோ, அந்தத் தெருவுக்கே தோல் திரும்பிவிட்டது. கிளம்பும்போது டிபன் பாக்ஸை நஸ்ரின் மடியில் வைத்தேன். ஹெச்.எம். பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் கொடுத்திருப்பேன். அவள் தேங்க்ஸ் சொன்னாள். பிரிக்கவில்லை.

வீட்டுக்கு வந்தும் எனக்கு மனசு ஆறவில்லை. எத்தனை பள்ளியில், எத்தனை மேடையில், எத்தனை குழந்தைகளிடம் 'பூமியைக் காப்பாற்றப் போகிறவர்கள் நீங்கள்தான்' என்று பேசுகிறோம்! கோலப் போட்டி வைக்கிறோம், பேரணி விடுகிறோம், தொப்பி போட்டு வெயிலில் நிற்க வைக்கிறோம். நமக்கு முடியாததை எல்லாம் பாடத்தில் சேர்த்துவிடுகிறோம் — அவ்வளவுதான் விஷயம். பச்சைத் தொட்டி, நீலத் தொட்டி என்று பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டால் நம் கடமை முடிந்தது. தொட்டிக்குப் பிறகு என்ன? அதை எந்தப் பிள்ளையும் கேட்காத வரைக்கும் நமக்கு நிம்மதி. ஒரு பிள்ளை நம்பித் தொலைத்தால்தான் வம்பு.

இந்தப் புதன்கிழமை ஜெயசீலியைக் கூட்டிக்கொண்டு அந்தத் தெருவுக்குப் போனேன். என்னத்தைச் சொல்லப் போகிறோம் என்று இரண்டு பேருக்கும் தெரியாது. சும்மா இருக்க முடியவில்லை, போனோம்.

சாயங்காலம். தெருமுனையில் குவித்து வைத்திருந்தார்கள். அப்போதுதான் நெருப்பு வைத்திருந்தார்கள் போல. ஃபரீதா எங்களைப் பார்த்ததும் சங்கடப்பட்டார். நாற்காலி போட்டு டீ கொடுத்தார். நாங்கள் கேட்காமலே சொன்னார்.

"முன்னிக்கு ஒண்ணும் ஆவாது மேடம். நஸ்ரின்தான் ஒரு ஐடியா சொல்லுச்சு. எரிக்கிற நேரத்துக்குச் சின்னப் பசங்களை எல்லாம் பின்னாடி தெருவுக்கு இட்டுக்கினு போயிடும். அங்க அவ தோஸ்த் வீட்டு மாடி. டியூஷன் எடுக்குது. புகை அடங்குனப்புறம் இட்டாந்துடும்." கொஞ்சம் பெருமையும் இருந்தது அந்தக் குரலில்.

போய்ப் பார்த்தோம். மாடியில் ஏழெட்டுப் பொடிசுகள் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தன. தண்ணீர்த் தொட்டிச் சுவர்தான் கரும்பலகை. நஸ்ரின் கையில் சாக்பீஸ். என் டிபன் பாக்ஸ் திறந்து கிடந்தது, அதற்குள் சாக்பீஸ் துண்டுகள்.

"மக்கும் குப்பை..." என்றாள் நஸ்ரின்.

"பச்சை டப்பா!" என்று கத்தின பிள்ளைகள்.

"மக்காத குப்பை..."

"நீல டப்பா!"

முன்வரிசையில் ஒரு பயல் கையைத் தூக்கினான். "தோலு எதுலக்கா போட்றது?"

நஸ்ரின் எங்களைத் திரும்பிப் பார்த்தாள். ஜெயசீலி தரையைப் பார்த்தாள்.

"அது பாடத்துல இல்ல" என்றாள் நஸ்ரின். அடுத்த கேள்விக்குப் போய்விட்டாள்.

"ஏம்மா," என்றேன் நான், எதையாவது பேச வேண்டுமே என்று, "தினமும் இங்கதான் டியூஷனா?"

"காத்து அந்தப் பக்கமா அடிச்சா இங்க மேடம். இந்தப் பக்கம் திரும்புனா லீவு விட்ருவேன். இங்கயும் புகை வந்துடும்ல? எல்லாத்தையும் வீட்டுக்குள்ள வெச்சுக் கதவைச் சாத்திடுவோம்."

சொல்லி வாய் மூடவில்லை. கொடியில் காய்ந்த துணி எங்கள் பக்கமாகத் தூக்கியது. முடி பொசுங்குகிற அந்த வாசனை முதலில் வந்தது.

"லீவு!" என்று எல்லாப் பிள்ளைகளும் துள்ளி எழுந்தன. முன்னிதான் எல்லோரையும்விடச் சத்தமாகக் கத்தினாள். கத்தி முடித்து, இருமத் தொடங்கினாள்.